மலை மண்ணுக்குச் சமவெளிப் பாடம் பொருந்தாது

"சுண்ணாம்பு போட்டால் மண் செத்துப்போகும்." இடுக்கி மலையில் வண்டிப்பெரியாரிலிருந்து குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் வரை ஏலத்தோட்டக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்த வாக்கியம் எப்படியும் வந்து விழும். உரக்கடையில், டீக்கடையில், இயற்கை வேளாண்மைப் பயிற்சி முகாமில் என்று எங்கும் இதைக் கேட்கலாம். சொல்கிறவர்கள் சந்தேகத்தோடு சொல்வதில்லை; பாட்டன் காலத்து அனுபவமாகவே சொல்கிறார்கள். இந்தக் கருத்து தவறு. மலையின் சிறு விவசாயியை ஆண்டுதோறும் கூடுதல் உரத்துக்கும் கூடுதல் மருந்துக்கும் கடனாளியாக்குகிற தவறு.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் வைத்துவிடுகிறேன். இது காடாக இருந்த நிலம், காட்டு மண் இயல்பிலேயே புளிப்பானது. தேயிலையும் ஏலமும் அந்தப் புளிப்பை விரும்பி வளர்பவை. நூறு வருடத்துக்கு மேலாகத் தோட்டம் நடக்கிற மண்ணில் இப்போது மட்டும் என்ன குறை வந்துவிட்டது? சுண்ணாம்பு சுட்டெரிக்கும் பொருள். மண்புழுவையும் நுண்ணுயிரையும் அழிக்கும், இலைமக்கை வற்றவைக்கும். குறை ஏதும் இருந்தால் சாணமும் இலைதழையும் ஜீவாமிர்தமும் பார்த்துக்கொள்ளும். இயற்கை விவசாயத்துக்கு மாறியவர் சுண்ணாம்பைத் தொடவே கூடாது.

இப்படிச் சொல்கிறவர்கள் விவரமில்லாதவர்கள் அல்லர். பலருக்குக் கம்பம் பள்ளத்தாக்கிலோ போடிப் பக்கத்திலோ நிலம் இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த சமவெளி மண்ணில் இரும்புச்சத்து கிடைக்காமல் நிலக்கடலையும் கரும்பும் வெளிறி மஞ்சளாவதைக் கண்ணால் பார்த்தவர்கள். அந்த மண்ணில் மேலும் சுண்ணாம்பு கொட்டுவது கேடுதான். அவர்கள் அறிவு அங்கே சரியானது. அதே அறிவை மலையேற்றிக் கொண்டுவந்ததில்தான் பிழை.

மலைக்கும் சமவெளிக்கும் இடையில் இருக்கும் வேறுபாடு மழை. பீருமேட்டில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. மழைமறைவில் கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் அதில் மூன்றில் ஒரு பங்குகூடப் பெய்வதில்லை. அவ்வளவு நீரும் மண்ணுக்குள் இறங்கி ஓடும்போது கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் ஆகிய காரச் சத்துகளைக் கரைத்துக்கொண்டு போய்ப் பெரியாற்றில் சேர்க்கிறது. எளிதில் கரையாத இரும்பும் அலுமினியமும் மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. கீழே சுண்ணாம்பு மிஞ்சி நிற்கிறது, மேலே சுண்ணாம்பு அரித்துப் போயிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்துச் சீட்டு எப்படி எழுத முடியும்?

இனி ஒவ்வொன்றாக.

1. காட்டு மண் காலகாலமாக இப்படித்தானே இருந்தது?

காடு எதையும் ஏலத்துக்கு அனுப்புவதில்லை. மரத்தின் வேர் ஆழத்திலிருந்து எடுத்த கால்சியம் இலையாக உதிர்ந்து அதே மண்ணுக்குத் திரும்பிவிடும். தோட்டம் அப்படியா? ஏலக்காய் புற்றடிக்கும் போடிக்கும் போகிறது, கொழுந்து ஃபேக்டரிக்குப் போகிறது, மிளகு கொச்சிக்குப் போகிறது. போனது திரும்பி வருவதில்லை. இதற்கு மேல் நாம் போடும் உரமே மண்ணைப் புளிக்கவைக்கிறது என்பதை எத்தனை பேர் கணக்கில் எடுக்கிறோம்?

அம்மோனியம் சல்பேட்டையும் யூரியாவையும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அந்த மாற்றத்தில் அமிலம் பிறக்கிறது. 100 கிலோ அம்மோனியம் சல்பேட் உண்டாக்கும் அமிலத்தைச் சரிக்கட்ட ஏறத்தாழ 110 கிலோ சுண்ணாம்புக்கல் பொடி வேண்டும். 100 கிலோ யூரியாவுக்கு ஏறத்தாழ 80 கிலோ. ஒரு ஹெக்டேருக்கு 75 கிலோ தழைச்சத்து கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். யூரியாவாகக் கொடுத்தால் 163 கிலோ போட வேண்டும், அது கேட்கும் சுண்ணாம்பு 130 கிலோ. அம்மோனியம் சல்பேட்டாகக் கொடுத்தால் சுமார் 365 கிலோ, அது கேட்கும் சுண்ணாம்பு 400 கிலோ. தழைச்சத்து ஒன்றுதான், புளிப்பு மூன்று மடங்கு. கேரளத் தோட்டங்களில் மூட்டை மூட்டையாக இறங்கும் ஃபேக்டம்பாஸ்கூட அம்மோனியம் சல்பேட்டும் அம்மோனியம் பாஸ்பேட்டும் கலந்த உரம்தான். இந்தக் கணக்கு ஒரு வருடத்துக்கு உரியது. பத்து, இருபது வருடம் வரவில்லாமல் செலவு மட்டும் எழுதிய நிலத்தைப் பார்த்து "இது பழைய காட்டு மண்" என்று சொல்வது உண்மையாகாது.

இது நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு புல்வெளி இருக்கிறது. 1856 முதல் அங்கே சோதனை தொடர்கிறது. அம்மோனியம் சல்பேட் மட்டும் தொடர்ந்து போட்டு, சுண்ணாம்பு கொடுக்காமல் விட்ட பாத்திகளில், புளிப்பு கூடக்கூட இறங்கும் பி.எச். அளவு 4-க்குக் கீழே இறங்கிவிட்டது. பல வகைச் செடிகள் செழித்த இடத்தில் கடைசியில் மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில புல்வகைகள்.

2. தேயிலைக்கும் ஏலத்துக்கும் புளிப்பு பிடிக்குமே?

பிடிக்கும், ஓர் எல்லைக்குள். தேயிலை 4.5 முதல் 5.5 வரை நன்றாக வளரும். ஏலத்துக்கு 5-க்கு மேல் 6.5 வரை இருந்தால் நல்லது. "புளிப்பு பிடிக்கும்" என்ற வார்த்தைக்குள் இந்த எல்லை மறைந்துபோகிறது. பி.எச். அளவு ஏணிப்படிபோல் சீராக இறங்குவதல்ல. 5-இலிருந்து 4-க்கு இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடிவிட்டது என்று பொருள். 5.5-இல் செழிக்கும் செடிக்கு 4.2-ம் பிடிக்கும் என்று நினைப்பது இந்தக் கணக்கை அறியாததால் வரும் துணிச்சல்.

5-க்குக் கீழே இறங்க இறங்கக் களிமண்ணில் கட்டுண்டு கிடந்த அலுமினியம் கரைந்து வெளிவருகிறது. அது முதலில் தாக்குவது வேரின் நுனியை. நுனி கருகித் தடித்துக் குட்டையாகிறது, பக்கவேர் விடுவதில்லை. மேலே செடி பச்சையாகவே நிற்கும்; வெயில் காலம் வந்ததும் பக்கத்துத் தோட்டத்துக்கு முன்னால் வாடிவிடும். தோட்டக்காரர் தண்ணீர் போதவில்லை என்று மோட்டார் வாங்குவார். வேர் ஆழம் போகாததுதான் காரணம் என்று அவருக்கு யார் சொல்வது?

தேயிலை அலுமினியத்தைத் தாங்கும், முதிர்ந்த இலையில் சேர்த்தும் வைத்துக்கொள்ளும். அந்த வரம் ஏலத்துக்கும் மிளகுக்கும் கிடையாது. வண்டிப்பெரியாரைச் சுற்றித் தேயிலை நின்ற இடங்களில் ஏலமும் மிளகும் ஏறியிருக்கின்றன. பல பத்தாண்டுகள் தேயிலை புளிக்கவைத்துப் போன மண்ணில் ஏலம் நடுகிறவர், "தேயிலை வந்த மண்தானே" என்று ஆறுதல் கொள்வது தன் கன்றுக்குத் தானே செய்யும் கேடு. தேயிலைத் தோட்டங்களே சுண்ணாம்பை ஒதுக்கியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கவாத்து வருடத்தில் மண்ணைச் சோதித்து டோலமைட் இடுவது தென்னிந்தியத் தேயிலையில் ஊறிய நடைமுறை. உபாசி தேயிலை ஆராய்ச்சி அமைப்பின் வட்டார மையம் வண்டிப்பெரியாரிலேயே இருக்கிறது.

3. சுண்ணாம்பு மண்புழுவையும் நுண்ணுயிரையும் கொல்லாதா?

மழைக்கு முன் போர்டோக் கலவை அடிக்காத ஏலத்தோட்டம் உண்டா? நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பும் சேர்த்துத்தான் ஒரு சதவீதக் கலவை செய்கிறோம். அதில் சுண்ணாம்பு எதற்கு? துத்தத்தின் புளிப்பு இலையைக் கருக்காமல் அடக்குவதற்கு. இலையைக் காப்பாற்றும் சுண்ணாம்பு வேருக்கு மட்டும் விஷமாகிவிடுமா? சரத்தில் அடித்து வழிந்த செம்பு எங்கே போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். அது மண்ணில்தான் சேர்கிறது. புளிப்பு கூடிய மண்ணில் செம்பு கரைந்த நிலையில் நின்று வேரையும் மண்புழுவையும் வதைக்கும். புளிப்பு தணிந்த மண்ணில் மண்துகளோடு கட்டுண்டு அடங்கும். மண்புழுவின் மேல் அக்கறை உள்ளவர் சுண்ணாம்பைத்தான் முதலில் தேட வேண்டும்.

அமிலம் மிகுந்த மண்ணில் மண்புழு குறைகிறது. அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா மந்தமாகிறது, பயறுவகையின் வேர்முடிச்சுப் பாக்டீரியா பிழைப்பதில்லை. ஆனால் ஃபுசேரியம் போன்ற பூஞ்சைகளுக்குப் புளிப்பு ஒத்துப்போகும். தூர் அழுகலுக்குப் பூஞ்சைக்கொல்லி ஊற்றிக்கொண்டே அந்தப் பூஞ்சைக்கு வசதியான மண்ணை வைத்திருக்கிறோம். எல்லா அழுகலையும் சுண்ணாம்பு தீர்க்கும் என்று நான் வாதிடவில்லை. காய் அழுகலுக்கு மழையும் நிழலும் வடிகாலும் தனிக் காரணங்கள். நோய்க்கு விருந்து வைத்துவிட்டு மருந்துக்கு மட்டும் செலவழிக்காதீர்கள் என்பதுதான் என் வாதம்.

இந்த அச்சத்துக்கு ஒரு நியாயமான மூலம் உண்டு. சுட்ட சுண்ணாம்பையும் நீற்றுச் சுண்ணாம்பையும் தூரோடு அள்ளிப் போட்டுச் செடி கருகியவர்கள் இருக்கிறார்கள். யூரியாவோடு ஒன்றாகக் கலந்து போட்டு, தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துபோனதை மூக்கில் உணர்ந்தவர்கள் இருக்கிறார்கள். டிரைக்கோடெர்மா இட்ட மறுநாளே சுண்ணாம்பு தூவியவர்களும் உண்டு. இவை இடும் முறையின் பிழைகள். சுடாத சுண்ணாம்புக்கல் பொடியோ டோலமைட்டோ செடியைச் சுடாது. மண்ணின் அமிலத்தைச் சந்திக்கும் அளவுக்கே மெல்லக் கரையும். அதைத் தூரிலிருந்து தள்ளிப் பரவலாகத் தூவி, உரத்துக்கும் உயிர் உரத்துக்கும் சில வாரம் இடைவெளி விட்டால் இந்தக் கதைகளில் ஒன்றும் நடக்காது.

4. சாணமும் இலைமக்கும் போதாதா?

இதுதான் எதிர்த்தரப்பின் வலுவான வாதம். எனவே இதற்குக் கூடுதல் இடம் கொடுக்கிறேன். மக்கு கரைந்த அலுமினியத்தைப் பிடித்துக் கட்டிவைக்கிறது என்பது உண்மை. நாம் இடும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் மழை அடித்துப் போகாமல் தாங்குவதும் அதுதான். மக்கு இல்லாத மண்ணில் சுண்ணாம்பு மட்டும் கொட்டுகிறவரை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் "போதும்" என்கிற சொல்லில் நான் உடன்பட முடியாது.

முதலில் கண்ணுக்கு முன்னால் இருக்கும் சான்று. இடுக்கி உயர்மலை மண் கேரளத்திலேயே கரிமச் சத்து மிகுந்த மண் வகைகளில் ஒன்று. மக்கே புளிப்பைத் தீர்க்கும் என்றால் இந்த மண்ணில் புளிப்பே இருக்கக் கூடாது. குட்டநாட்டுப் பக்கக் கரி நிலங்களைப் பாருங்கள். மக்கிய மரமும் கரிமமும் நிறைந்து கறுத்துக் கிடக்கும் அந்த வயல்கள்தான் கேரளத்தின் கொடிய அமில நிலங்கள். அங்கே நெல் போடுகிறவர் சுண்ணாம்பு இல்லாமல் விதைப்பதில்லை. கேரள வேளாண் பல்கலைக்கழகம் நெல்லுக்குச் சொல்லும் பொது அளவே ஹெக்டேருக்கு 600 கிலோ. அதே பல்கலைக்கழகம் மிளகுக் கொடி ஒன்றுக்கு அரைக் கிலோ நீற்றுச் சுண்ணாம்பை ஒரு வருடம் விட்டு ஒரு வருடம், ஏப்ரல்–மே மழையோடு இடச் சொல்கிறது.

அடுத்து, சாணத்தில் கால்சியம் எங்கிருந்து வருகிறது? மாடு தின்ற தீவனத்திலிருந்து. மாடு இந்த மலைப் புல்லைத் தின்றால் சாணத்தில் இருப்பது இந்த மண்ணிலிருந்தே எடுத்த கால்சியம். திருப்பிப் போடுவது சுழற்சிதான், வரவு ஆகாது. மழை அடித்துப் போனதையும் விளைச்சல் கொண்டுபோனதையும் சுழற்சியால் ஈடுகட்ட முடியாது. கம்பத்திலிருந்து லோடு லோடாக ஏறிவரும் சாணம் வேறு. அதில் சமவெளியின் காரச் சத்து இருக்கிறது, அது கொஞ்சம் பலன் தருகிறது. அந்தப் பலனைப் பார்த்துச் சாணம் மண்ணைத் திருத்துகிறது என்கிறார்கள். சமவெளி மண்ணின் சுண்ணாம்பையே மலையேறும் லாரியில், மாட்டின் வயிறு வழியாக வாங்குகிறோம் என்பது தெரிவதில்லை.

ஜீவாமிர்தம்? ஏக்கருக்கு 200 லிட்டர், அதில் பத்துக் கிலோ சாணம், கொஞ்சம் கோமியம், வெல்லம், பயறுமாவு. நுண்ணுயிரை ஊக்கும் என்று இடுகிறவர்கள் இடட்டும். ஏக்கர் மேல்மண் அரையடி ஆழத்துக்கு ஒன்பது லட்சம் கிலோ எடையுள்ளது. அதன் அமிலத்தைப் பத்துக் கிலோ சாணம் தணிக்கும் என்று எதிர்பார்ப்பது அந்தக் கரைசலுக்கே செய்யும் அநியாயம். தேயிலை ஃபேக்டரியின் விறகுச் சாம்பல் இதைவிட மேல். அதில் உண்மையான காரமும் பொட்டாசியமும் இருக்கின்றன. கிடைக்கிறவர் வாங்கிப் பயன்படுத்தலாம்.

இன்னொரு வாதம் இதோடு ஒட்டி வரும்: ராஜ்பாஸ் என்னும் பாறைப் பாஸ்பேட் கரைவதற்குப் புளிப்பு வேண்டுமே, அதைத் தணித்தால் மணிச்சத்து போய்விடாதா? பாறைப் பாஸ்பேட் அமில மண்ணில் கரையும் என்பது சரி. மிகக் கடும் புளிப்பில் கரைந்த மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் உடனே பிடித்துப் பூட்டிவிடும் என்பதும் சரி. 5 முதல் 5.5 வரை உள்ள மண்ணில் ராஜ்பாஸ் கரையத்தான் செய்யும். சுண்ணாம்பையும் ராஜ்பாஸையும் ஒரே வேளையில் போடாமல் காலம் பிரித்துப் போட்டால் சிக்கல் தீர்ந்தது.

5. இயற்கை விவசாயம் செய்கிறவருக்கு ஆகாதே?

யார் சொன்னது? 2001 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தியாவின் தேசிய அங்கக உற்பத்தித் திட்ட விதிகள் சுண்ணாம்புக்கல்லையும் ஜிப்சத்தையும் இயற்கையில் கிடைக்கும் மெக்னீசியப் பாறைப்பொடியையும் அனுமதிக்கின்றன. மலையில் வெட்டிய கல்லைப் பொடியாக்கியதற்குப் பெயர் ரசாயனம் என்றால், மாட்டு உப்பும் ரசாயனம்தான்.

6. மண்ணின் குணத்தை மாற்ற முடியுமா?

பிரேசிலின் செராடோ புல்வெளி எதற்கும் உதவாத அமில நிலம் என்று ஒதுக்கப்பட்டிருந்தது. சுண்ணாம்பும் பாஸ்பரஸும் கொடுத்து அங்கே பயிர் எடுத்துக் காட்டியதற்காக மூன்று பேருக்கு 2006-இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். அங்கே இயற்கைப் புல்வெளி அழிக்கப்பட்ட விதத்தை நான் போற்றவில்லை. அமிலமும் அலுமினியமும் விதி அல்ல என்பதற்கு மட்டும் அது சாட்சி.

எதிர்த்தரப்பு பயப்படும் ஒன்றை நானும் பயப்படுகிறேன்: கண்ணை மூடிக்கொண்டு சுண்ணாம்பு கொட்டுவது. அளவு மீறினால் போரானும் துத்தநாகமும் செடிக்குக் கிடைக்காமல் போகும், மக்கு வேகமாகச் சிதையும், பொட்டாசியம் பின்தங்கும். தேயிலையில் 5.5-ஐத் தாண்டினால் நாமே நோயை வரவழைத்தவர்களாவோம். பக்கத்து வீட்டுக்காரர் போட்ட அளவும் வேலைக்கு ஆகாது. ஒரே பி.எச். காட்டும் மணல்சாரி மண்ணுக்கும் களிமண்ணுக்கும் வேண்டிய சுண்ணாம்பு ஒன்றல்ல. மக்கும் களியும் கூடக்கூட அளவும் கூடும். ஆகவே பரிசோதனையில் பி.எச். மட்டும் கேட்காமல் சுண்ணாம்புத் தேவை எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

எதைப் போடுவது என்பதிலும் வேறுபாடு உண்டு. கேரள மண்ணில் மெக்னீசியக் குறை பரவலாக இருக்கிறது, ஆகவே நம் தோட்டங்களுக்கு வெறும் சுண்ணாம்பைவிட மெக்னீசியமும் உள்ள டோலமைட் பொருத்தம். சுண்ணாம்பு இட்ட இடத்தைவிட்டு ஆழத்துக்கு எளிதில் இறங்காது. ஏலமோ தேயிலையோ நின்ற பிறகு உழுது கலக்க முடியாது என்பதால், கன்று நடும்போதே குழி மண்ணில் கலப்பதுதான் முழுப் பலன் தரும். அடிமண்ணில் அலுமினியம் இருந்தால் ஜிப்சம் உதவும், அது பி.எச். அளவை உயர்த்தாது, கால்சியத்தை ஆழத்துக்கு இறக்கி அலுமினியத்தின் கொடுமையைக் குறைக்கும். இடும் காலம் கோடைமழை. இடவப்பாதிப் பருவமழை கொட்டும்போது சரிவில் தூவினால் பெரியாற்றுக்குத்தான் சுண்ணாம்பு இடுவோம். அதன் மேல் இலைமக்கும் மட்கிய சாணமும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி விவசாயியை நிறுத்திவைத்ததுதான் இந்த விவாதம் செய்த பெரிய தீங்கு.

இந்தத் தவறான நம்பிக்கைக்கு விலை கொடுப்பது யார்? 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7000 ரூபாயைத் தொட்டது. அந்த விலையைப் பார்த்து உரமும் மருந்தும் வாரிக் கொட்டினோம். விலை இறங்கிவிட்டது, புளிப்பு மண்ணில் தங்கிவிட்டது. கேரளம் முழுக்க மண்ணைச் சோதித்து மாநிலத் திட்டக் குழு முன்னெடுத்த ஆய்வு, பத்தில் ஒன்பது பங்கு மண் அமிலமாக இருப்பதையும், பெரும்பாலான இடங்களில் மணிச்சத்து தேவைக்கு மேல் குவிந்து கிடப்பதையும் காட்டியது. குவிந்ததைச் செடி எடுக்க முடியாமல் இருக்க, நாம் மேலும் மூட்டை வாங்குகிறோம். பெரிய தோட்டத்துக்கு ஆய்வுக்கூடமும் ஆலோசகரும் உண்டு. 2000-ஐ ஒட்டிப் பீருமேட்டில் தோட்டங்கள் மூடப்பட்டபோது தாங்களே கொழுந்து கிள்ளிப் பிழைத்த தொழிலாளர் குடும்பங்களுக்கு, இன்று அரை ஏக்கரில் ஏலம் வைத்திருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கு, உரக்கடையின் வாய்ச்சொல்தான் ஆலோசனை. "சுண்ணாம்பு வேண்டாம்" என்று அவர்களிடம் சொல்வது எளிது. அந்தச் சொல்லின் நஷ்டத்தைச் சொன்னவர் சுமப்பதில்லை.

பாம்பாடும்பாறையிலும் மைலாடும்பாறையிலும் ஏலத்துக்கென்றே ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. அவர்களுடைய பரிந்துரை சிறு தோட்டங்களின் தமிழ்க் குடும்பங்களுக்குத் தமிழில் போய்ச் சேர வேண்டும்; வேளாண் துறையின் கிருஷி பவன்கள் மண் முடிவுத் தாளைத் தமிழிலும் கொடுக்க வேண்டும். இயற்கை விவசாயப் பயிற்சி நடத்துகிறவர்கள் சமவெளியில் கற்ற பாடத்தை இங்கே சொல்லும் முன் இந்த மண்ணை ஒரு முறை சோதித்துப் பார்க்க வேண்டும்.

தோட்டக்காரருக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த கோடைமழைக்கு முன் தோட்டத்தின் பல இடங்களில் அரையடி ஆழத்து மண் எடுத்து, கலந்து, அரைக் கிலோவைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். உரமும் மருந்தும் சமீபத்தில் விழுந்த இடத்தைத் தவிருங்கள். ஏலமோ மிளகோ நிற்கும் மண்ணில் முடிவு 5-க்குக் கீழே வந்தால் அந்த வருடம் முதலில் வாங்க வேண்டியது டோலமைட். மற்ற மூட்டைகளின் கணக்கை அதற்குப் பிறகு போடுங்கள்.